எழுதுகிறவர் கைக்காசு கட்ட வேண்டியதில்லை

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. எம்.ஏ. தமிழ் படித்திருக்கிறேன். கணவருக்குத் தூத்துக்குடியில் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் நான் ஊரை விட்டு நகர முடியாது. வீட்டிலிருந்தே எழுதிச் சம்பாதிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பிப் பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் கட்டினேன். பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிய பிறகு, பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று ‘வக்கீல் நோட்டீஸ்’ அனுப்பியிருக்கிறார்கள். 38,000 ரூபாய் கட்டாவிட்டால் போலீஸ் வீட்டுக்கு வரும் என்று போனில் மிரட்டுகிறார்கள். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. எழுதிப் பிழைப்பது என்பதே நடக்காத காரியமா? என்னைப் போல் சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு வழி உண்டா?

– ச. மு., ஆழ்வார்திருநகரி

பதில்: அம்மா, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். இதற்காக உங்கள் வீட்டுக்குப் போலீஸ் வராது. நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை; உங்கள்மேல் ஒரு குற்றம் நடந்திருக்கிறது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எழுதிச் சம்பாதிக்க முடியும், ஆழ்வார்திருநகரியில் இருந்துகொண்டே முடியும். ஆனால் அந்த விளம்பரம் காட்டிய வழியில் இல்லை.

அந்த மிரட்டலை முதலில் முடித்துவிடுவோம். தட்டச்சு வேலை, படிவம் நிரப்பும் வேலை என்று சொல்லிப் பணம் பறிப்பது இந்தியா முழுவதும் நடக்கும் பழைய மோசடி. யாராலும் எட்ட முடியாத அளவுக்குப் பிழையின்மை கேட்பார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் தவறு என்பார்கள். பிறகு ஒரு வக்கீல் பெயரைப் போட்டு நோட்டீஸ் வரும். உண்மையான ஒப்பந்தமாகவே இருந்தாலும், சொன்ன வேலையைச் சரியாக முடிக்காதது உரிமையியல் (சிவில்) விவகாரம்தான். பணம் வர வேண்டும் என்று நினைப்பவர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போட வேண்டுமே தவிர, போலீஸை அனுப்பிக் கைது செய்ய முடியாது. வக்கீல் நோட்டீஸ் என்பது ஒரு கடிதம். நீதிமன்ற உத்தரவு அல்ல.

இனி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, அந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் படம் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, இன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது இணையப் பணமோசடிக்கான தேசிய உதவி எண். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வக்கீல் யோசனை வேண்டுமானால் 15100 என்ற எண் உண்டு. தூத்துக்குடியில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போயும் கேட்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு அவர்களுடைய வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். கணவரிடம் இன்றிரவே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குத் தெரியாது என்ற ஒன்றுதான் மிரட்டுகிறவர்களின் பலம்.

இதிலிருந்து ஒரே ஒரு விதியை மனத்தில் வையுங்கள். எழுத்து வேலையில் பணம் எழுதுகிறவரை நோக்கித்தான் வர வேண்டும். வேலை கொடுக்கிறேன் என்று சொல்லி உங்களிடம் பணம் கேட்பவர் வேலை கொடுக்கிறவர் அல்லர். ‘தொகுப்பு நூலில் உங்கள் கவிதையைச் சேர்க்கிறோம், 500 ரூபாய் அனுப்புங்கள், சான்றிதழும் கேடயமும் தருகிறோம்’ என்று வருவதும் இதே வகைதான். நீங்களே தீர்மானித்து, உங்கள் செலவில் புத்தகம் அச்சிட்டு, பிரதிகளை உங்கள் கையில் வைத்துக்கொண்டு விற்பது வேறு. அது உங்கள் முதலீடு.

எழுத்தில் பணம் ஏன் குறைவாக வருகிறது?

காரணத்தைத் தெரிந்துகொண்டால்தான் வீண் ஏமாற்றம் வராது. தமிழில் ஒரு புத்தகத்துக்கு ராயல்டி (விற்ற பிரதிக்கு ஏற்ப ஆசிரியருக்கு வரும் பங்கு) பெரும்பாலும் விலையில் பத்து விழுக்காடு. 200 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் உங்களுக்கு 10,000 ரூபாய். அதை எழுத ஒரு வருடம் ஆகியிருந்தால், மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்கூட இல்லை. பத்திரிகைச் சன்மானமும் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரைதான். எழுதியது வெளிவர ஒரு மாதம், பணம் வர இன்னும் சில மாதம் என்று இழுக்கும்.

இது உங்கள் திறமைக் குறைவால் வருவதல்ல. பெரியவர்களுக்கும் இதுதான் நிலைமை. பழைய ஏடுகளைத் தேடி உங்கள் ஊருக்கே வந்தவர் உ.வே. சாமிநாதையர். ஆழ்வார்திருநகரிக் கவிராயர்கள் வீட்டு ஏடுகள் அவருடைய பத்துப்பாட்டுப் பதிப்புக்குக் கைகொடுத்தன. அந்தப் பதிப்பு 1889இல் வெளிவந்தது. அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியில் சம்பளம் வாங்கும் தமிழாசிரியர். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, புத்தகம் வருவதற்கு முன்பே ‘கையொப்பம்’ (வாங்கிக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே உறுதி தருவது) சேர்த்துத்தான் செலவைச் சமாளித்தார். தமிழுக்கு அவ்வளவு செய்தவரே மாதச் சம்பளத்தையும் கையொப்பத்தையும் நம்பித்தான் அச்சுக்கூடத்துக்குப் போனார்.

உங்கள் வட்டாரத்து எழுத்தாளர்களையே பாருங்கள். இடைசெவல் கி. ராஜநாராயணன் விவசாயி. உருளைக்குடி சோ. தர்மன் பல வருடம் பஞ்சாலைத் தொழிலாளி. பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி. கொற்கை நாவலுக்காக 2013இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குரூஸ் கப்பல் துறைக்காரர். எழுத்தை மட்டுமே நம்பியவர்களும் உண்டு. அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு, கடைசிவரை எழுதியே வாழ்ந்தார். வசதியான வாழ்க்கை அல்ல அது. கதையோடு நிற்காமல் கட்டுரையும் மதிப்புரையும் எழுதினார். தமிழோடு ஆங்கிலத்திலும் எழுதினார். அதனால்தான் அது முடிந்தது.

ஆகவே நீங்கள் கதை, கவிதையை விட வேண்டாம். ஆனால் வீட்டுச் செலவை அவற்றின் தலையில் வைக்காதீர்கள். பணத்துக்கு எழுதுவது வேறு வரிசை. ஒரே மடையை நம்பிப் பயிர் வைக்காமல், சிறியதாக நாலு மடை திறந்து வையுங்கள்.

உங்கள் ஊரில் என்ன வேலை இருக்கிறது?

முதலாவது, விழா மலர் (சிறப்பு வெளியீடு) வேலை. உங்கள் பக்கம் நவதிருப்பதிகளும் பல ஊர்க் கோயில்களும் இருக்கின்றன. கும்பாபிஷேகத்துக்கு மலர் போடுகிறார்கள். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துப் பள்ளிகளில் நூறு வருடம் தாண்டியவை உண்டு. அவை ஆண்டு மலர், நூற்றாண்டு மலர் போடுகின்றன. யாராவது ஒருவர் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் படித்து, பெரியவர்களிடம் பேசி, வந்த கட்டுரைகளைத் திருத்தி, மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்தும் படி) பார்த்துத் தர வேண்டும். வழக்கமாக இது யாராவது ஆசிரியர் தலையில் இலவசமாக விழுகிறது. அச்சகத்துக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், கேட்டால் இதற்கும் ஒதுக்குவார்கள். ஸ்ரீவைகுண்டத்திலோ திருச்செந்தூரிலோ உள்ள இரண்டு டி.டி.பி. கடைகளில் உங்கள் பெயரையும் போன் எண்ணையும் கொடுத்து வையுங்கள். மலர் வேலை முதலில் போகும் இடம் அதுதான்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு. தூத்துக்குடி துறைமுக ஊர். சரக்கு நிறுவனங்கள், உப்பு நிறுவனங்கள், மீன் ஏற்றுமதி செய்பவர்கள் எல்லோருக்கும் தொழிலாளர்கள் படிக்கத் தமிழில் பாதுகாப்புக் குறிப்பும் அறிவிப்பும் வேண்டும். வெளியூருக்கு அனுப்பும் கருப்பட்டி, கடலை மிட்டாய் வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் நாலு வரி சரியாக வேண்டும். உங்கள் கணவர் வேலை பார்க்கும் வட்டாரத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். இதற்குச் சொல் கணக்கில் கூலி.

‘இப்போது கணினியே மொழிபெயர்க்கிறதே’ என்று நீங்கள் கேட்கக்கூடும். உண்மைதான். எங்கும் கிடைக்கும் தகவலைத் திரட்டி எழுதும் கட்டுரைகளுக்கு விலை இறங்கிவிட்டது. ஆனால் கணினி தந்ததைச் சரிபார்த்து, தொழிலாளி படித்தால் தப்பாகப் புரிந்துகொள்ளாதபடி திருத்தித் தர ஆள் வேண்டும். இன்னும் யாரும் எழுதாத செய்தி கணினிக்கும் கிடையாது. அதை யாராவது நேரில் போய்க் கேட்டு வந்தால்தான் உண்டு.

மூன்றாவது அதுதான்: நேரில் போய் எழுதும் கட்டுரை. இதில்தான் சென்னையில் இருப்பவரைவிட உங்களுக்கு வசதி அதிகம். ஒரு உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு (ஊர்ப் பெயரோடு பொருளின் தனித்தன்மையைக் காக்கும் பதிவு) கிடைத்தது. அந்தச் செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. அதையே திரும்ப எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள். நீங்கள் காலையில் பஸ் ஏறி ஆத்தூர் போங்கள். ஒரு கொடிக்காலுக்குள் (வெற்றிலைத் தோட்டத்துக்குள்) நின்று கேளுங்கள்: குறியீடு கிடைத்த பிறகு ஒரு கவுளிக்கு (வெற்றிலைக் கட்டுக்கு) என்ன விலை கூடியது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது உங்கள் கொடி பிழைத்ததா? மறுபடி வைக்க எவ்வளவு ஆனது? கொடி படர வைக்கும் அகத்தி எங்கிருந்து வந்தது? வெற்றிலை கிள்ளும் கூலி என்ன, அடுக்கும் கூலி என்ன? விவசாயி, கிள்ளுகிற பெண், வியாபாரி என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்று பேரும் சொல்லும் விலை ஒன்றுபோல் இராது. அந்த வித்தியாசத்தில்தான் கட்டுரை இருக்கிறது.

இப்போது கணக்குப் பாருங்கள். போய்வர ஒரு நாள், எழுத ஒரு நாள், சரிபார்க்க ஒரு நாள். உங்கள் ஒரு நாள் உழைப்பு 600 ரூபாய் என்று வைத்தால் 1,800. பஸ்ஸும் சாப்பாடும் 200. ஆக 2,000 ரூபாய் அடக்கம். பத்திரிகை 1,000 ரூபாய் தந்தால் நட்டம். ஆனால் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருப்பது ஒரு கட்டுரைக்கான சரக்கு மட்டும் அல்ல. அதே குறிப்பிலிருந்து, வெள்ளத்துக்குப் பின் கொடிக்கால் மீண்ட விதம் என்று ஒரு வானொலிப் பேச்சு எழுதித் திருநெல்வேலி வானொலி நிலையத்துக்கு அனுப்பலாம். ஒரு வியாபாரிக்கு இரு மொழியில் விவரச்சீட்டு எழுதித் தரலாம். இரண்டு வருடம் கழித்து ஆற்றங்கரை விவசாயம் பற்றிய புத்தகத்தில் ஓர் அத்தியாயமாக்கலாம். ஒரே நாள் அலைச்சல், நாலு கூலி. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: ஒரே கட்டுரையை இரண்டு பத்திரிகைகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். குறிப்பு ஒன்றாக இருக்கலாம். எழுத்து ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும்.

இப்படி உங்கள் பக்கம் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழியில் வேலை பார்த்த உள்ளூர் ஆட்கள், முத்துக்குளிப்பு நின்றபின் வேறு தொழிலுக்குப் போன குடும்பங்கள், உப்பளத்துப் பெண்களின் கண்ணும் காலும், உடன்குடிப் பனையேறிகள். கதவைத் தட்டினால் பேசக்கூடிய மனிதர்கள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

பத்திரிகைக்கு முழுக் கட்டுரையை அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முதலில் ஐந்து வரியில் கேட்டு எழுதுங்கள்: என்ன விஷயம், புதிதாக என்ன கண்டேன், யாரிடம் பேசினேன், எத்தனை சொல், எந்தத் தேதிக்குத் தருவேன். கடைசி வரியில், சன்மானம் எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்று மரியாதையாகக் கேளுங்கள். பத்திரிகை மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சன்மானம் கேட்டதற்காக ஒரு நல்ல கட்டுரையை எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்புவதில்லை.

நாலாவது, மின்னூல். அமேசான் கிண்டில் 2016 முதல் தமிழில் நூல் ஏற்கிறது; உங்கள் கைக்காசு வேண்டாம். நூல்விலையில் 35 விழுக்காடு பங்கு தருவார்கள். கிண்டிலைத் தவிர வேறெங்கும் அந்த மின்னூலைத் தருவதில்லை என்ற நிபந்தனையோடு விலை வரம்பு முதலிய விதிகளுக்கும் ஒத்துக்கொண்டால், இந்தியாவில் விற்பதற்கு 70 விழுக்காடு. முதல் வருடம் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். பத்திரிகையில் வந்த கட்டுரைகள் சேர்ந்த பிறகு அவற்றைத் தொகுத்துப் போட நல்ல இடம்.

பேச்சும் சீட்டும்

கூலியை வேலைக்கு முன் பேசுங்கள். ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது. வாய்ப்பேச்சு முடிந்ததும், பேசியதை ஒரு மின்னஞ்சலாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ அனுப்பிவிடுங்கள்: இன்ன வேலை, இத்தனை பக்கம், இன்ன தேதி, இவ்வளவு ரூபாய், திருத்தம் இரண்டு முறை வரை. மலர், மொழிபெயர்ப்பு போன்ற பெரிய வேலைக்குப் பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள். வேலை முடிந்ததும் இன்வாய்ஸ் (கூலிச்சீட்டு) அனுப்புங்கள். அதில் எண், தேதி, வேலை விவரம், தொகை, பான் எண், வங்கிக் கணக்கு ஆகிய ஆறும் இருந்தால் போதும்.

பணம் இழுத்தடித்தால் வழி இருக்கிறது. மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவு (குறுந்தொழில் என்று பதிந்துகொள்வது) இலவசம். ஆதாரும் பானும் போதும். எழுத்துச் சேவை செய்பவரும் குறுந்தொழிலாகப் பதியலாம். வேலையைத் தொடங்கும் முன்பே பதிந்து வையுங்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் உங்களுக்குப் பணம் வந்துவிட வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு வட்டி சேரும். இதற்கான அரசு இணையதளத்தில் புகார் தரலாம். பல நேரம் இந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதினாலே பணம் வந்துவிடும்.

உரிமை விஷயத்திலும் கவனம் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இல்லாமல் சுதந்திரமாக எழுதுகிறவரின் எழுத்துக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ‘எல்லா உரிமைகளும், எல்லாக் காலத்துக்கும்’ என்று ஒரு வரி இருந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எதற்கு, எத்தனை வருடம், எவ்வளவு ரூபாய்க்கு என்று கேளுங்கள். பதிப்புரிமை உங்கள் ஆயுளுக்குப் பின்னும் 60 வருடம் உங்கள் பிள்ளைகளுக்குப் போகும் சொத்து.

வரியை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரல் முதல், ஒரே நிறுவனம் உங்களுக்கு ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் தந்தால் பத்து விழுக்காடு டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிப்பார்கள். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். சிறிய தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். அது உங்கள் உழைப்பு.

உங்கள் வீட்டு நிலைமையை நினைத்துத்தான் கடைசியாக இதைச் சொல்கிறேன். மாமியாரைக் கவனித்துக்கொண்டு நாள் முழுவதும் எழுத முடியாது, முயலவும் வேண்டாம். தினம் இரண்டு மணி நேரம் எழுத்துக்கு, வாரத்தில் ஒரு நாள் கணவர் வீட்டில் இருக்கும்போது வெளியே போய்க் கேட்டுவர, என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, ஒரு பக்கம் எழுத்துக்குப் போன நாட்களையும் செலவையும், மறுபக்கம் வந்த பணத்தையும் எழுதி வாருங்கள். ஒரு வருடம் ஆனதும் கூட்டிப் பாருங்கள். எந்த வேலையில் நாள்கூலி நன்றாக விழுந்ததோ அதை இரண்டு மடங்காக்குங்கள். எது காசும் தராமல் மனநிறைவும் தராமல் இருந்ததோ அதை விட்டுவிடுங்கள். காசு தராவிட்டாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை என்று எதைப் பற்றித் தோன்றுகிறதோ, அதை மற்ற வேலைகளின் வருமானத்தில் எழுதுங்கள். நான் மேலே பெயர் சொன்ன பெரியவர்கள் பெரும்பாலோரும் எழுதிய முறை அதுதான், உங்களாலும் முடியும்.